மதிய மழைக்கு நகரும் பூஜ்ஜியம்

1

வீட்டில் சந்தன டப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் ஆயுத பூஜை. அரிசி டின்னுக்குப் பின்னால் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் சிரிப்பு வந்தது, கூடவே முகமும் சூடாகிவிட்டது. போன வருஷம் இந்த டப்பியால் நான் பட்ட பாட்டையும், என்னால் இன்னொருத்தர் பட்ட பாட்டையும் ஊரில் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தால் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரிந்த மாதிரிதான். இதை மீதிப் பாதிப் பேருக்காக எழுதுகிறேன்.

நாங்கள் மலேசியாவுக்கு, இந்த ஈப்போவுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. நான் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். கணவர் சேகர் வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார், சமையலும் அவர்தான். மகள் யாழினி வந்தபோது ஆறு வயது. இப்போது பதின்மூன்று வயதாகிறது, வாசலில் நின்று தோழிகளுடன் மலாயில் பேசிச் சிரிக்கும்போது எனக்குப் பாதிதான் புரியும்.

'அங்கே என்ன வேலை?' என்று கேட்கிற உறவினர்களிடம், 'தவளை முட்டைக்குக் கரண்ட் வைக்கிறேன்' என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கதைக்கு அந்த வேலை கொஞ்சம் தெரிய வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தவளை முட்டை கேழ்வரகைவிடக் கொஞ்சம் பெரியது, பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. நம் இதயத் துடிப்பை ஒழுங்காக வைக்கிற சின்னச் சின்ன வாயில்கள் உயிரணுவின் சுவரில் இருக்கின்றன. அவற்றை அந்த முட்டையின் சுவரில் உண்டாக்கி, எந்த மருந்துக்குத் திறக்கிறது, எதற்கு மூடுகிறது என்று பார்க்கிறோம். வாயில் திறந்தால் மின்னோட்டம் கசியும். மிகச் சின்னக் கசிவு. அதை அளக்க, முட்டையின் மின்னழுத்தம் நகராமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அப்படி நிறுத்திப் பிடிக்கிற கருவிக்குத்தான் வோல்டேஜ் கிளாம்ப் என்று பெயர்.

சேகருக்கு வாளியை வைத்து விளக்கினேன். ஓட்டை வாளியில் தண்ணீர் மட்டம் கோட்டை விட்டு இறங்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், எவ்வளவு ஊற்றினோமோ அவ்வளவுதான் ஒழுகியிருக்கிறது. முட்டைக்குள் இரண்டு கண்ணாடி ஊசிகள் போகும். ஒன்று மட்டத்தைப் பார்க்கும், மற்றது ஊற்றும். "இதுக்கா டாக்டர் பட்டம்?" என்றார். பதிலுக்கு நான் பேசிய பேச்சில் அன்றைக்கு ரசம் நான் வைக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வருஷம் எழுதிக் கேட்டபின் போன வருஷம் புதுக் கருவி வந்தது. சுங்கத்தில், இது பாட்டுக் கச்சேரிக்கான ஆம்ப்ளிஃபயர் இல்லை என்று கல்லூரி முத்திரையோடு கடிதம் கொடுத்த பிறகுதான் பெட்டி வெளியே வந்தது. பிரித்து, பொருத்தி, சுருதி சேர்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய எனக்கும் பிலோமினாவுக்கும் இரண்டு வாரம் பிடித்தது.

பிலோமினா எங்கள் ஆய்வுக்கூடத்தின் கருவிப் பொறுப்பாளர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் வீடு. அவருடைய அம்மா சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோது குடும்பம் லகாட்டுக்கு வந்துவிட்டது. பிலோமினா மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் பூதக்கண்ணாடியின் கீழே சர்க்கியூட் பலகைகளைச் சோதித்தவர். விரல் ரேகை பட்ட பலகையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். எதைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவுவார். ஒருமுறை கேட்டதற்கு, "எங்கம்மா பழக்கம் லா டாக்டர். ரப்பர் பால் பட்ட கையோட எங்கள தொடவே மாட்டாங்க. பசியா அழுதாக்கூட மொத கைகழுவிட்டுத்தான் தூக்குவாங்க," என்றார். இந்த ஊர்த் தமிழில் 'லா' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பிலோ அக்கா. நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வேலையிடத்தில் அக்கா தங்கை எல்லாம் எதற்கு என்பது என் கொள்கை. எனக்குக் கொள்கைகள் அதிகம்.

வெள்ளிக் கம்பிகளைத் துணி வெளுக்கும் குளோராக்ஸில் ஊறவைத்துக் கறுக்க வைத்தவர் அவர். எர்த் வயர்கள் அத்தனையையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து முடிந்தவரும் அவர்தான். அப்படியும் திரையில் கரண்ட் இரைச்சல் அலை அலையாக வந்தது. அறையில் இருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கடைசியில் நுண்ணோக்கி விளக்கின் அடாப்டரைக் கையில் தூக்கிக் காட்டினார். "இதான் கள்ளன்," என்றார். அதைச் செம்பு வலைக் கூண்டுக்கு வெளியே தூரமாக வைத்ததும் கோடு நூல் பிடித்ததுபோல் ஓடியது. வெளி இரைச்சல் உள்ளே வராமலிருக்க அறைக்கு நடுவே நிற்பது அந்தக் கூண்டு, அதற்குள் மேசை, மேசையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. அதற்கு ஹெட்ஸ்டேஜ் என்று பெயர். மட்டம் பார்க்கும் ஊசி அதன் முகத்தில் இருக்கும் சிறு துளையில்தான் செருகப்படும். கருவியின் காது அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிகளை உப்புநீரில் முக்கி, திரையில் தெரியும் எண்ணைப் பூஜ்ஜியத்தில் வைத்தோம். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நகரவில்லை. பிறகு முட்டை. பெருக்கத்தைக் கூட்டும் குமிழைத் திருகுவதுதான் நுட்பம். குறைவாக வைத்தால் சதுரமாக ஏற வேண்டிய கோடு மூலை மழுங்கி ஏறும். கூடிவிட்டால் கருவி தன்னைத்தானே துரத்திக்கொண்டு துடிக்கும், ஒரு நொடியில் முட்டை வெந்துவிடும். முதல் நாள் நான்கு முட்டைகளை வேகவைத்தேன். ஐந்தாவதில் மூலை கூராக வந்தது. பிலோமினா கைதட்டினார், எனக்குக் கண் கலங்கியது.

அதற்கு மறுநாள்தான் ஆயுத பூஜை.

3

அப்பா பாளையங்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று கடையைக் கழுவிவிட்டு, காயில் சுற்றும் மிஷின், ஸ்பானர், டெஸ்டர், பழைய மல்டிமீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். நானும் தம்பியும் பொரிக்காக வாசலிலேயே நிற்போம். கடைக்குள் ஈரக்காலோடு வரக்கூடாது என்பதால் பொட்டு வைப்பதை வாசலிலிருந்து பார்த்ததோடு சரி.

இங்கே பூஜைக்கு விடுமுறை கிடையாது. காலையில் எல்லோரும் வருவதற்கு முன் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வேன், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தப்பான இடத்தில் ஊதுபத்தி வைத்தால் தீயலாரம் அடித்துவிடும் என்று முதல் வருஷம் எச்சரித்தவர்கூட எங்கள் மலாய்க் காவலாளிதான். அதிலிருந்து ஊதுபத்தி இல்லை, சந்தனமும் குங்குமமும் மட்டும்.

போன வருஷம் பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தேன். புதுக் கருவியின் முன்பக்கம் ஒன்று, கணினிக்கு ஒன்று. அப்புறம் கூண்டுக்குள் குனிந்து, எல்லாவற்றிலும் முக்கியமான அந்தச் சின்னப் பெட்டியின் முகத்தில், நெற்றியில் வைப்பதுபோல் துளையை ஒட்டி நடுவில் ஒன்று. கண்ணை மூடிக் கும்பிட்டேன். 'இந்த மிஷின் என்னைக் காப்பாற்ற வேண்டும்' என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். மாலையில் எல்லாப் பொட்டையும் துணியால் துடைத்துவிட்டேன். துடைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

4

இரண்டு நாள் கழித்து மதியம் எண் நகர்ந்தது.

காலையில் பூஜ்ஜியத்தில் வைத்தால் மதியச் சாப்பாடு வரை கல் மாதிரி நிற்கும். இரண்டரை மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும். கூரையில் சத்தம் கேட்பதற்கு முன்பே எண் மெல்ல ஏறும். மூன்று, ஆறு, பதினொன்று. பூஜ்ஜியமே நகர்ந்துவிட்டால் அதற்கு மேல் அளப்பதெல்லாம் பொய். முட்டையை ஒரு மட்டத்தில் பிடித்திருக்கிறோம் என்று நான் நினைப்பேன், அது வேறு மட்டத்தில் கிடந்து சாகும்.

கம்பியை மாற்றினேன். உப்புநீரை மாற்றினேன். தவளையை மாற்றினேன். கருவியோடு ஒரு போலி முட்டை வரும், உள்ளே மின்தடைகள் மட்டும் இருக்கும் சின்னப் பெட்டி. அதைச் செருகிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தச் சோதனையை எப்போதும் காலையில்தான் செய்தேன், எனக்குப் பொறுமை இருப்பது காலையில் மட்டும்தான். எனவே, கருவியில் குறை இல்லை, மனிதர்களில்தான் குறை என்று முடிவு கட்டினேன். அந்த அறையில் இருந்த மனிதர்கள் இரண்டு பேர். என்னைக் கழித்துவிட்டேன்.

"கம்பிய ஒழுங்கா ஊறவச்சீங்களா?" என்று கேட்டேன். "ஊற வச்சேன் டாக்டர்," என்றார். "எர்த்ல கைவச்சீங்களா?" "இல்ல டாக்டர்."

ஒரு வாரம் கழித்துப் பிலோமினா தயங்கித் தயங்கி வந்தார்.

"டாக்டர், அந்தச் சின்னப் பெட்டி வாய ஒருதடவ அல்கஹோல் போட்டுத் தொடச்சிப் பாக்கலாமா?"

"ஹெட்ஸ்டேஜை யாரும் தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? ஸ்டேட்டிக் அடிச்சா அது செத்துரும். தெரியாத விஷயத்துல கைவைக்காதீங்க."

பதினெட்டு வருஷம், உடம்பின் நிலைமின்சாரத்தை எர்த்துக்கு இறக்கிவிடும் ஸ்டேட்டிக் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வேலைசெய்தவரிடம் இப்படிச் சொன்னேன். அவர் "சரி டாக்டர்" என்று போய்விட்டார். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. உத்தரவாதம் கோருவதற்காகப் பழுது அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'சந்தேகிக்கப்படும் காரணம்' என்ற கட்டத்தில், பொறுப்பாளரின் பராமரிப்பில் குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த அறிக்கையின் நகலைக் கோப்பில் சேர்ப்பது யார் வேலை என்று அப்போது யோசிக்கவில்லை. பிலோமினாவின் வேலை. ஒழுங்காகத் துளை போட்டுச் சேர்த்திருந்தார்.

5

அந்த மாதத்தில் எனக்கு ஏன் அத்தனை கோபம் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

என் ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிவதாக இருந்தது. நவம்பரில் மதிப்பாய்வுக் குழு வந்து கருவி வேலை செய்வதைப் பார்க்கும். பார்த்துத் திருப்தியானால் ஒப்பந்தம் நீளும், ஒப்பந்தம் நீண்டால் வேலை பெர்மிட் நீளும், என் பெர்மிட்டில் தொங்கிக்கொண்டு சேகருக்கும் யாழினிக்கும் இங்கே தங்க உள்ள பாஸ் நீளும். ஒரு சின்னப் பெட்டியின் பூஜ்ஜியத்தில் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டுகள் நின்றன. பிலோமினாவுக்கும் வருஷ ஒப்பந்தம்தான், அதுவும் டிசம்பரில்தான் முடிகிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.

வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது, "ஒண்ணும் சரியா வரலன்னா நம்ம ஊருக்கே போயிருவோம்," என்றேன்.

யாழினி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது உங்க ஊரு மா. எனக்கு இதான் ஊரு," என்றாள்.

சேகர் குழம்பை நகர்த்தி வைத்தார். அவள் நம் ஊரில் இருந்த அதே ஆறு வருஷம் இங்கேயும் இருந்துவிட்டாள், அதுவும் விவரம் தெரிந்த வருஷங்கள், கணக்குப் போட்டால் அவள் சொன்னது சரி. இருந்தாலும் வலித்தது. பள்ளி விட்டதும் அவள் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்து காத்திருப்பாள். என்னிடம் பேசாததையெல்லாம் பிலோமினாவிடம் பேசுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கடுப்பும் என் கோபத்தில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

6

பூஜை முடிந்து பதினெட்டாவது நாள், கருவியைத் தயாரிப்பாளருக்கே திருப்பி அனுப்புவது என்று முடிவெடுத்தேன். போய்த் திரும்ப எப்படியும் இரண்டு மாதம் ஆகும். மதிப்பாய்வு தவறிவிடும். ஆனால் மதியம் மதியம் பொய் சொல்கிற கருவியைக் குழுவின் முன் வைக்க என்னால் முடியாது. பிலோமினாவைக் கூப்பிட்டுப் பெட்டியில் கட்டச் சொன்னேன்.

அவர் நுரைப் பஞ்சையும் டேப்பையும் எடுத்துவந்தார். கூண்டுக்கு முன்னால் நின்றார். டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"டாக்டர், அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கோவிச்சிக்காதீங்க."

"சொல்லுங்க."

"அந்தச் சின்னப் பெட்டி வாயில சந்தனம் இருக்கு. தொளைய சுத்தி லேசான மஞ்சள்ல பிளாஸ்டிக் வளையம் இருக்குல்ல, அதுல படிஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது, ரெண்டும் ஒரே கலரு. காஞ்சிருந்தா ஒண்ணும் செய்யாது. மழை வந்தா ஈரத்த இழுத்துக்கும், கரண்ட் அது வழியா ஓடும்."

ஈரம் பிடித்த சந்தனம் இரண்டு உலோகங்களுக்கு நடுவே இருந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் ஆணி செருகிப் பார்த்த பாடம். எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் கல், மதியம் நகர்வு. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பப் பாத்தீங்க?"

"பூஜை முடிஞ்சு ஒரு வாரத்துல. கண்ணாடி வச்சிப் பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது டாக்டர்? நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. அன்னிக்கு வாசல்லேர்ந்து பாத்தேன், நீங்க கண்ண மூடி கும்பிட்டு வச்ச பொட்டு. அதப்போயி அழுக்குன்னு என் வாயால சொல்லவா? உங்களுக்குத் தெரியாம தொடச்சிருக்கலாம். அதுக்கும் மனசு வரல. அதான் தொடைக்கலாமான்னு கேட்டேன். நீங்க ஏசிட்டீங்க."

"நான் அறிக்கையில உங்களப் பத்தி எழுதுனதப் பாத்தீங்கல்ல? அதுக்கப்புறமாவது..."

"அப்ப சொன்னா, தன் பேர காப்பாத்திக்க சாமி மேல பழிய போடறாள்னு ஆயிடும் லா."

அவர் குரலில் குத்தலே இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"பெட்டி போனா உங்க பெர்மிட்டும் போயிடும். யாழினி இங்கதான் படிக்கணும்னு என்கிட்ட அழுதிச்சு. அதுக்கப்புறம் வாய மூடிட்டு இருக்க முடியல." பிறகு அலமாரியைத் திறந்து அல்கஹோல் போத்தலையும் பஞ்சுக் குச்சிகளையும் எடுத்து என் முன்னால் வைத்தார். ஸ்டேட்டிக் பட்டையை என் மணிக்கட்டில் கட்டினார். "நீங்களே தொடைங்க டாக்டர். அது நான் தொடைக்கிறது முறையில்ல."

7

முதல் குச்சி மஞ்சளாக வந்தது. இரண்டாவதும் மஞ்சள். நான்காவதில்தான் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. துடைத்த இடத்தை அவர் பூதக்கண்ணாடியில் பார்த்து, "இன்னொண்ணு," என்றார். இன்னொன்றும் போட்டேன். வெதுவெதுப்பான காற்றை ஊதிக் காயவைத்தோம். போலி முட்டையைச் செருகினோம், எண்ணைப் பூஜ்ஜியத்தில் வைத்தோம்.

இனி மழை வர வேண்டும். ஈப்போவில் ஏழு வருஷம் இருந்தவள் சொல்கிறேன், மழை வேண்டாத நாளில் தவறாமல் வரும். அன்று பார்த்து வானம் பளிச்சென்று இருந்தது. மூன்று மணி, நான்கு மணி, ஒரு மேகம் இல்லை. ஜன்னலுக்கும் திரைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "சாபார் லா டாக்டர், பொறுமையா இருங்க. நாளைக்கு வரும்," என்று பிலோமினா ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் லகாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மதியம் வந்தது. சாதாரண மழை இல்லை, வாகன நிறுத்துமிடம் தெரியாத அளவுக்குக் கொட்டியது. இருவரும் திரை முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எண் பூஜ்ஜியத்தில் நின்றது. அரை மணி நேரம் நின்றது. மழை விட்ட பிறகும் நின்றது.

முட்டையை வைத்தோம். இரண்டு ஊசிகளையும் இறக்கினேன். குமிழை நான் திருக, அவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும், இன்னும் கொஞ்சம், போதும், போதும்." மூலை கூராக ஏறியது, துடிப்பு இல்லை. பெருமூச்சு விட்டேன்.

"பிலோமினா அக்கா," என்றேன். வாய் தானாகச் சொன்னது. "நான் செஞ்சது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே, "சிலாப் எல்லாருக்கும் வரும் டாக்டர்," என்றார். சிலாப் என்றால் இங்கே பிழை. நோட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டே, "ஆனா அந்தப் பேப்பர மாத்திடுங்க," என்றார்.

அன்று மாலை அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "ஏட்டி, டெர்மினல்ல போயி எவளாவது பொட்டு வைப்பாளா? பாடியிலதான வைக்கணும். நம்ம கடையில ஒருநாளாவது முனையில வச்சு நீ பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று பொரியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எங்கே வைத்தார், எங்கே வைக்காமல் விட்டார் என்பதை விட்டுவிட்டு, பொட்டை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறேன்.

8

பேப்பரை மாற்றுவது எளிதாக இல்லை. ஒருமுறை பதிவான அறிக்கையைத் திரும்பப் பெற முடியாது. திருத்த அறிக்கை ஒன்று தர வேண்டும், மலாயில் தர வேண்டும், காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். மதிப்பாய்வுக்கு மூன்று வாரம் இருந்தது. புத்தம்புதுக் கருவிக்குள் நானே சந்தனம் பூசிக் கெடுத்தேன் என்று என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும், அதே கல்லூரிதான் என் ஒப்பந்தத்தை நீட்டவும் வேண்டும். 'ஈரப்பதம் காரணம்' என்று பொதுவாக எழுதிவிடலாமே என்று ஒரு நாள் முழுக்க எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அதுவும் பொய்யில்லை. ஆனால் அப்படி எழுதினால், ஈரம் வராமல் பார்த்துக்கொள்ளாதது யார் குறை என்று அடுத்த கேள்வி வரும். அது மறுபடி பிலோமினாவிடம் போய் நிற்கும்.

என் மலாய் கடைத்தெரு மலாய். யாழினியிடம் காகிதத்தை நீட்டினேன். அவள் படித்தாள், பேனாவால் இரண்டு இடத்தில் திருத்தினாள்.

"அம்மா, இத நெசமாவே குடுக்கப் போறீங்களா?"

"ஆமா."

"நம்ம பாஸ்?"

"தெரியல."

அவள் காகிதத்தை மறுபடி படித்தாள். "பிலோ ஆன்ட்டி கண்டுபிடிச்சாங்கன்னு நீங்க எழுதல. அதையும் போடுங்க மா," என்றாள். அவளே அந்த வரியை மலாயில் எழுதினாள், என்னைவிட அழகான கையெழுத்தில். என் மகள் என்னை விட்டு விலகிப் போகிறாள் என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். அவள் போய்ச் சேர்ந்த இடம் மோசமான இடம் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது, அவளைக் கட்டிக்கொண்டேன். "போதும் மா," என்று விடுவித்துக்கொண்டாள்.

துறைத் தலைவர் ஒரு மலாய் அம்மையார். அறிக்கையை என் எதிரிலேயே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வருஷா வருஷம் இப்படிப் பூசுவீர்களா?" என்று கேட்டார்.

"பூசுவேன். ஆனால் இந்த இடத்தில் இனி இல்லை."

"என் அண்ணன் புதுக் கார் வாங்கியபோது என் அம்மா ஓதிய தண்ணீரை நான்கு சக்கரத்திலும் தெளித்தார். நல்லவேளை, எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை," என்றார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "முதல் அறிக்கையில் பிலோமினாவைப் பற்றி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. இது வந்ததால் விட்டுவிடுகிறேன்," என்றார். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மதிப்பாய்வு நாளன்றும் மழை பெய்தது. குழுவில் ஒருவர், "எல்லா ஆய்வுக்கூடத்திலும் மழைக்காலத்தில் அளவு தடுமாறும், இங்கே எப்படி இப்படி நிற்கிறது?" என்று கேட்டார். பின்வரிசையில் நின்ற பிலோமினாவைக் காட்டினேன். எங்கள் இருவர் ஒப்பந்தமும் நீண்டது. பெர்மிட் ஸ்டிக்கர் ஒட்டிய பாஸ்போர்ட்டை யாழினி இரண்டு கையாலும் வாங்கினாள்.

இந்த ஊருக்கு நான் பட்ட கடன் பெரியது. வந்தவளை வேலை செய்யவிட்டது, கும்பிடவிட்டது, தப்புச் செய்தபோது சிரித்துத் திருத்தியது. இதை நன்றியோடு எழுதி வைக்கிறேன்.

9

மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆகிறது. இன்று பூஜை.

காலையில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பிலோமினா அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். செம்பு வலைக் கூண்டின் வெளிச்சட்டத்தில், என் கண் உயரத்துக்கு, உள்ளங்கை அளவில் ஒரு அலுமினியத் தகடு புதிதாக இருந்தது. நான்கு மூலையிலும் திருகு, ஓரம் ராவி வழவழப்பாக்கியிருந்தது. அதிலிருந்து பச்சை மஞ்சள் வயர் ஒன்று கீழே இறங்கி, எல்லா எர்த்தும் சேரும் அந்த ஒரே புள்ளிக்குப் போயிருந்தது.

"பொட்டு வைக்க ஒரு எடம் வேணும்ல டாக்டர். இது பாடி, டெர்மினல் இல்ல. எர்த்தும் போட்டுட்டேன்."

டெர்மினல் கதையை அவரிடம் சொன்னது யாழினியாகத்தான் இருக்க வேண்டும். தகட்டின் நடுவில் சந்தனம் வைத்தேன், அதன்மேல் குங்குமம் வைத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். அவர் இரண்டடி தள்ளி, கைகளைக் கோத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை அமைதியாக நின்றார்.

முடித்துவிட்டுக் கூண்டுக் கதவில் கைவைத்தேன்.

"டாக்டர்! அப்படியே நில்லுங்க," என்றார் சத்தமாக. "சந்தனக் கையோட உள்ள போகாதீங்க. மொத சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க."

போன வருஷம் இந்த விஷயத்தை என்னிடம் சொல்ல அவருக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. இன்று ஒரு நொடிகூட ஆகவில்லை.

போய்க் கழுவிவிட்டு வந்தேன். கைகளை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.